நான்கு முறை தோற்ற சேர்மன்

பேரூராட்சிக் கவுன்சிலராகி நான் முதலில் கேட்டது எங்கள் தெருவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். கூட்டத்தில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மறுநாள் பழைய வரைபடம் தேடி ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அங்கே ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது.

அதில், அப்போது புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர், சந்தைக்கு வருகிற எல்லோரும் தண்ணீர் சேந்த ஒரு பொதுக்கிணறு கேட்டிருந்தார். தீர்மானம் தோற்றது. அடுத்த கூட்டத்திலும் கேட்டார், மறுபடியும் தோற்றது. அடுத்தடுத்த பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். நான்கு முறை தோற்றவர் ஐந்தாம் முறை ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டார். பிறகு அதே உறுப்பினர்கள் அவரையே சேர்மனாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"அந்தக் கெணறு இன்னும் இருக்குதுங்க. எங்க வூட்டுக்கு அங்கிருந்துதான் தண்ணி எடுக்கறோம்," என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே குழாய் கேட்கும் மனுவை மறுபடி எழுதினேன். அடுத்த கூட்டத்திலும் தோற்று, மூன்றாவது கூட்டத்தில் நிறைவேறியது. குழாயில் தண்ணீர் வந்த அன்று முதல் குடத்தை நான்தான் பிடித்தேன். சேலையெல்லாம் நனைந்துவிட்டது.