லெப்டொப்பில இருந்த கபுறுகள்

என்னைக் கட்டின மாப்பிள்ளைக்கு முகைதீன்பாவா எண்டு பேர். காத்தான்குடிச் சந்தையில மரக்கறி விக்கிறவர். பதினேழு வருசமா எங்கட பள்ளிவாசலில மையித்து அடக்குற மையவாடியையும் அவர்தான் பார்த்து வந்தார். சம்பளம் இல்லை, அல்லாஹ்வுக்காகச் செய்த வேலை. ஆர் மௌத்தானாலும் கபுறு வெட்ட இடம் காட்டுவார், அடக்கி முடிஞ்சா மீசான் கட்டை நடுவார், இன்னார் இன்ன இடத்தில எண்டு எழுதி வைப்பார்.

எங்கட கபுறுகளில பேர் எழுதுறல்ல. தலைமாட்டில ஒரு கட்டை, கால்மாட்டில ஒரு கட்டை, அவ்வளவுதான். கடற்கரை மணல் அது. ரெண்டு மாரி போனா கட்டையும் உக்கிரும், மேடும் தரையோட தரையாகிரும். அதுக்குப் பிறகு அவர் எழுதினதுதான் அடையாளம். "பெரிய வேம்பில இருந்து தெற்கே பதினாலு கவடு, மதிலில இருந்து ஆறு கவடு" எண்டு ஒவ்வொரு பேருக்கும் நேரே இருக்கும். கத்தாரில, குவைத்தில வேலை செய்யிற புள்ளைகள் தாய் தகப்பன்ட மௌத்துக்கு வந்து சேரேலாது. ரெண்டு மூணு வருசம் கழிச்சி லீவில வந்து எங்கட வாசலிலதான் நிப்பாங்க. இவர் கூட்டிப் போய், கவடு வைச்சி நடந்து, நிண்டு, "இந்தா மகன், வாப்பா இஞ்சதான்" எண்டு சொல்லுவார். அண்டைக்கு வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிடுவார்.

முதலில கொப்பியிலதான் எழுதினார். கொப்பியைக் கறையான் தின்னத் தொடங்கினதும், சவூதியால வந்த அவர்ட தம்பி மஜீட் தன்ட லெப்டொப்பைக் குடுத்தார். நான் கொப்பியை வாசிக்க, அவர் ஒத்தை விரலால தட்டினார். நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு, அவர் மூணாம் வகுப்பு. ஆயிரம் பேருக்கு மேல ஏத்தி முடிக்க ரெண்டு நோன்பு வந்து போச்சுது. முடிஞ்ச பிறகு மிச்சமிருந்த கொப்பியைக் குப்பையில போட மனம் வரல்ல. முஹம்மது, பாத்திமா எண்டு எத்தனை பேர் அதில. கொல்லைக்குள்ள ஒரு சுத்தமான இடம் பார்த்துக் குழி வெட்டித் தாட்டம், அது மண்ணோட மண்ணாப் போச்சுது.

போன வருசம் ஒரு புதன்கிழமை, கத்தாரால ஹில்மி வந்தார். ரெண்டு வருசத்துக்கு முதல் அவர்ட உம்மா மௌத்து.

"மாமா, வெள்ளிக்கிழமை பிளேன். நாளைக்குப் பின்னேரம் அஸருக்குப் பிறகு உம்மாட்டப் போவமா?"

"போவம் மகன்" எண்டு சொல்லிப்போட்டு இவர் லெப்டொப்பைத் திறந்தார். கறுத்த திரையில வெள்ளை இங்கிலீசு எழுத்து ரெண்டு வரி. அதுக்கு மேல அது அசையல்ல.

அடுத்த நாள் காலையில, போன் கடை வைச்சிருக்கிற றிப்ஷான் வீட்டுக்கு வந்து பார்த்தார். லெப்டொப்போட மஜீட் தந்த பைக்குள்ள ஒரு சீடியும் இருந்தது. "இதுதான் மாமி இதுக்கு மருந்து. மிசின் தனக்குள்ள தேடாம முதல் சீடியைத் தேட வைக்கணும்" எண்டார். அணைச்சிப் போட்டுத் திரும்பப் போட்டு ஒரு பொத்தானை டொக்கு டொக்கெண்டு அமத்தினார். நீலத் திரை வந்தது. அதில ஒரு வரிசை. சீடிட பேரை அடியில இருந்து மேல கொண்டு வந்து, சேமிச்சிப் போட்டுக் கைகட்டி நிண்டார்.

"போன் திருத்துறவனுக்கு இதுவும் தெரியுமாடா?" எண்டார் இவர்.

"சும்மா இரிங்க மாமா. திருந்தினா ஒரு கிலோ கத்தரிக்காய் தாங்க, காணும்."

சீடி சுத்துற சத்தம் கேட்டது. பிறகு திரை வெளிச்சிது. பார்த்தா எல்லாம் அறபு. சவூதியில வாங்கின மிசின்தானே.

றிப்ஷான் தலையைச் சொறிஞ்சார். "மாமி, நீங்கதானே தெருப் புள்ளைகளுக்கெல்லாம் ஓதிக் குடுக்கிற. வாசிங்களன்."

நான் முக்காட்டைச் சரியாப் போட்டுக்கொண்டு கிட்டப் போனன். ஸபர், ஸேர் எண்ட குறி ஒண்டும் இல்லாத வெறும் எழுத்து. எண்டாலும் எழுத்துக் கூட்டி ஓதினன். பெரிய வசனம் ஒண்டு, அதுக்குக் கீழ பெட்டி போட்ட ரெண்டு சொல். ஓதினன், விளங்கல்ல. கருத்துத் தெரியாமத்தானே எங்கட ஊரில பாதிப்பேர் ஓதுறம். எங்கட தெருவில மாத்திரம் மூணு மௌலவிமார் இருக்காங்க. ஒருத்தரக் கூப்பிடுங்க எண்டு நான் சொல்லியிருக்கணும். அறபு எழுத்தைக் கண்டதும் எனக்குப் பயமே வரல்ல. இதில என்ன கெடுதி வரப்போகுது எண்டு இருந்திட்டன்.

"எதை அமத்த? வலப்பக்கமா, இடப்பக்கமா?" எண்டார் றிப்ஷான்.

"இதென்ன கேள்வி?" எண்டார் இவர். "பள்ளிக்குள்ள எந்தக் காலை வைச்சிப் போற? எந்தக் கையால தின்ற? வலப்பக்கம்தான். பிஸ்மி சொல்லி அமத்து."

மூணு பேருமாப் பிஸ்மி சொன்னம்.

ஒரு மணித்தியாலம் ஓடிச்சிது. லெப்டொப் புதுசு போல எழும்பினது. இவர் சந்தோசத்தில றிப்ஷான்ட முதுகில தட்டினார். பிறகு பெட்டி பெட்டியாத் திறந்து பார்த்தார். ஒண்டிலயும் ஒண்டும் இல்லை.

"எங்க புள்ள, எங்கட மையித்துகள்?" எண்டு என்னைக் கேட்டார்.

றிப்ஷான் அதைத் தூக்கிக்கொண்டு டவுனில இருக்கிற கொம்பியூட்டர் கடைக்கு ஓடினார். பழையதுக்கு மேல புதுசு எழுதப்பட்டுட்டு, எடுக்கேலாது எண்டு சொல்லி அனுப்பிட்டாங்க. அவர் வந்து எங்கட படியில இருந்து அழுதார். நான் ஓதின வசனத்துக்கு, உள்ளுக்கு இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும், தொடரவா எண்டு கருத்தாம். பிறகுதான் ஒரு மௌலவி சொன்னார்.

அஸர் தொழுதிட்டு ஹில்மி வந்தார். இவர் ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னார். எண்டாலும் கூட்டிக்கொண்டு போனார். அங்க நடந்ததை இவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேம்பில இருந்து கவடு வைச்சி நடந்து பார்த்திருக்கார். எட்டாம் கவட்டில நிண்டிருக்கார். "இந்தப் பக்கம்தான் மகன். எது எண்டு சொல்லேலாது."

"குத்துமதிப்பா ஒண்டைக் காட்டுங்க மாமா. என்ட மனம் ஆறட்டும்."

"பொய்யாக் காட்டிப்போட்டு மறுமையில நான் என்ன சொல்ல?"

ஹில்மி சுத்திப் பார்த்திட்டு, தானாப் போய் ஒரு கபுறுக்குப் பக்கத்தில முழங்கால் போட்டாராம். மணலில கையை வைச்சி "உம்மா" எண்டாராம். அது இவருக்குத் தெரிஞ்ச கபுறு. மாங்கேணியில வலை இழுக்கப் போய் மௌத்தான ஒரு மனிசன்ட. குழி வெட்டினதே இவர்தான். சொல்ல வாயெடுத்திருக்கார், வரல்லையாம்.

"சொல்லியிருக்கணும் புள்ள."

"சொல்லிப்போட்டு எதைக் காட்டுவீங்க?"



போறதுக்கு முதல் ஹில்மி அந்தக் கபுறுக்குப் புதுக் கட்டை நட்டு, ஒரு செடியும் வைச்சிட்டுப் போயிட்டார். இப்ப வெளிநாட்டால லீவில வாற அவர்ட மூத்த காக்காமாரும் வெள்ளிக்கிழமையில அங்கதான் போறாங்களாம். அந்த மாங்கேணி மனிசன்ட மகனும் வெளிநாட்டிலதான். அவர் ஒரு நாளைக்கு வருவார்.

மையவாடிச் சாவியை இவர் பள்ளிவாசலில திருப்பிக் குடுத்திட்டார். சந்தைக்குப் போறார், வாறார். லீவில வாற புள்ளைகளுக்கு இது தெரியா, இப்பவும் வாசலில வந்து "மாமா இரிக்காரா?" எண்டு கேக்கிறாங்க. இல்லை எண்டு சொல்லு புள்ள எண்டு அவர் அறைக்குள்ள போயிருவார். அப்பிடி நான் சொல்றல்ல. கதவடிக்குப் போய், "எங்களுக்கு இப்ப இடம் தெரியாது மகன், எல்லாருக்குமாச் சேர்த்து துஆக் கேளுங்க" எண்டு சொல்லி அனுப்புறன்.