கொய்யாக்காய் சீன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் என்னை அம்பத்தூரில் ஒரு புது நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன அரங்கு, முன்வரிசை. நடிகர்களின் பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நாடகத்தில் இருபது வருட நண்பர்கள் இருவர். ஒருவன் செல்போன் வழியாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவன் செய்திக்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. எங்கள் காலத்தில் பதில் வராவிட்டால் தபால்காரரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். "மச்சான், இத யார்கிட்டயும் சொல்லிடாத" என்று அவன் நண்பனிடம் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பவுடர் வாசனை எனக்குப் பழக்கமானது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய கம்பெனியில் ஆயுத பூஜைக்கு நாடகம் போடுவோம். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்ததும் மரப்பலகைகளை அடுக்கி மேடை கட்டுவோம். அன்றைக்கு ஒருநாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். வசனம் நான். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட என்னை 'வசனகர்த்தா' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பட்டம் கிடைத்த நாளிலிருந்து என் கால் தரையில் படவில்லை.

தேவராஜ் பக்கத்து லேத்காரன். நெமிலிச்சேரியில் ரயில் ஏறினால் அம்பத்தூர் வரைக்கும் வாய் மூடமாட்டான். முதல்நாள் சாப்பிட்ட குழம்பிலிருந்து எதிர்வீட்டு நாய்வரை எல்லாம் சொல்லுவான். பேக்கிங் செக்‌ஷன் கலாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னான். கலா தினமும் ஒரு கொய்யாக்காயை வெட்டி, பாதியைத் தான் தின்றுவிட்டு, மீதியை உப்பு மிளகாய்த்தூளோடு காகிதத்தில் மடித்து, வருகை பதியும் பஞ்ச் கார்டு ஸ்டாண்டில் அவன் கார்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவாளாம்.

"அவங்க வேற ஆளுங்க மாமே. தீபாவளி முடியட்டும், நானே அவங்க நைனாவாண்ட பேசிக்கிறேன். அதுவரிக்கும் நீ வாயத் தெறக்காத" என்றான்.

வாயைத் திறக்கவில்லை. எழுதினேன். அந்த வருட நாடகத்துக்குக் காதல் காட்சி ஒன்று தேவைப்பட்டது. கையில் இருந்ததோ அந்தக் கொய்யாக்காய்தான். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவன் பார்த்துச் சந்தோஷப்படுவான் என்றுகூட நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான். தேவராஜ் திரை இழுப்பதோடு சரி, ஒத்திகைக்கு உட்காரமாட்டான்.

மேடையில் கதாநாயகி கார்டுக்குப் பின்னால் கொய்யாவை வைத்தாள். பேக்கிங் பெண்கள் மொத்தமும் திரும்பிக் கலாவைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏய் கலா, உன் கததான்டி" என்றது ஒரு குரல். கலா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். நாடகம் முடிந்து நல்ல கைதட்டல். அதை வாங்கிக்கொள்ள நான் மேடையேறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலா மறுபடி வேலைக்கு வரவில்லை. தீபாவளிக்கு முன்பே வேலூர் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"உன்னாண்டதான மாமே சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?" என்று கேட்டான் தேவராஜ். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அதற்குப் பிறகு கம்பெனியை மூடும்வரை நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து லேத்தில் பேசாமல் நின்றோம்.

போன வாரப் புது நாடகத்தில் கடைசியில் நண்பர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தைரியத்தில் மறுநாளே விசாரித்துக்கொண்டு தேவராஜ் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். "அத்த இப்ப இன்னாத்துக்கு" என்றதோடு சரி. அரைமணி நேரம் சுவரில் ஓடிய மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கேட் வரைக்கும் அவன் மனைவி வந்தார். "நீங்க அவரு ஃப்ரெண்டா? ஃப்ரெண்டுன்னு யாரும் வந்ததே இல்லீங்க. எங்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டாரு. சின்ன வயசுலயும் இப்டித்தானா?"

"இல்லீங்க. நிறையப் பேசுவாரு. எல்லாத்தையும் சொல்லுவாரு" என்றேன்.

நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தார்.