கன்னத்தில் ஒரு புள்ளி

விரல் உயரப் பொம்மையின் சேலை மடிப்புகளில் பழுப்பு மை கலந்த வார்னிஷைத் தடவுகிறேன். அந்த நெடி என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கே இழுத்துப் போகிறது.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகுகளுக்கு வார்னிஷ் அடிக்கும் வேலை பார்த்த அப்பாவின் சட்டையில் இதே நெடி அடிக்கும். குடித்திருக்கிறாரோ என்று அம்மா மோந்து பார்ப்பாள். ஒருநாள் அவர், கொலுவுக்கென்று தானே வண்ணம் தீட்டிய பெண் பொம்மையை நீட்டினார்.

"இந்த மச்சம் யாருக்கு இருக்கு?" என்றாள் அம்மா.

"அரே, மச்சமெல்லாம் இல்ல. வார்னிஷ் தானா வழிஞ்சு கன்னத்துல நின்னுடுச்சு."

நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை. அந்த வருடக் கொலுவில் பொம்மை சுவரைப் பார்த்தே நின்றது.

இப்போது என் பொம்மையைத் திருப்பிப் பார்க்கிறேன். வார்னிஷ் முழுக்க மடிப்புகளுக்குள் ஓடிவிட்டது. வழவழப்பான கன்னத்தில் ஒரு துளிகூட நிற்கவில்லை.

அப்பா அதைத் தூரிகை நுனியால்தான் வைத்திருக்கிறார்.