மரத்துப்போன தேமல்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். மகள் சின்னவள். என் இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அரிப்போ வலியோ இல்லாததால் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் காலை கொதிக்கும் தண்ணீர்க் கேத்தல் அதில் பட்டு, தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். சுட்டதே தெரியவில்லை. தோல் மரத்துப்போனால் பெருவியாதி என்பார்கள். பெருவியாதிக்காரர்களைத் தனியாக ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் பேசிக் கேட்டிருந்தேன்.

கணவரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டுத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். தேமலில் தொட்டது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தமிழ் பேசிய நர்ஸம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தொழுநோய்தான். சாபமெல்லாம் இல்லங்க, இது ஒரு கிருமி. மருந்து எடுக்காத நோயாளியோட ரொம்ப நாள் நெருங்கி இருந்தா மூச்சுக்காத்துல வரும். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு வரவே வராது. ஆறு மாசம் இந்த மாத்திரையப் போட்டா சுகமாகிடும்."

"என்னைய எங்கயும் அனுப்பிருவீங்களா?"

"வீட்டுக்குத்தான் அனுப்புவோம். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்களையும் பாக்கணும்."

பிள்ளை என்றதும், தினமும் அவளை என் பக்கத்தில் போட்டுத் தூங்கியது நினைவுக்கு வந்தது.

அது யுத்த காலம்; திரும்பும் வழியில் சோதனைக்காக இராணுவம் பஸ்ஸை நிறுத்தியது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டினோம். எனக்குப் பின்னால் எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி நின்றாள். சிப்பாய் என் மாத்திரை அட்டையை எடுத்து, எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். தோல் வியாதிக்கு என்றேன். என்ன வியாதி என்றான். சொல்லாவிட்டால் பிடித்து வைத்துக்கொள்வான். சொன்னால் அவளுக்குக் கேட்கும். மெல்லச் சொன்னேன். அவன் அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். பஸ்ஸில் அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த லயத்துப் பெண் வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

கணவர் அவள் வாயிலிருந்து கேட்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பராவுக்கு ஓடினேன். கணவர் கேட்டுவிட்டு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"புள்ளைய எப்ப காட்டணும்?" என்றார்.

மறுநாளே மூவரும் போனோம். முதலில் அவரைப் பார்த்தார்கள். பிறகு நர்ஸம்மா மகளின் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. கணவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மச்சம்தான். ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல."

ஆறு மாதத்தில் எனக்கு நோய் போய்விட்டது. லயத்துப் பெண்ணும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். ஆனால் மகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் உடம்பில் வெளிறிய இடம் தேடுவதை மட்டும் பல வருஷம் என்னால் விட முடியவில்லை.