அண்ணன் போடாத கையெழுத்து

சவூதியில் நர்ஸ் வேலைக்குப் போய், முதல் விடுமுறையில் பொள்ளாச்சி வந்ததும் அண்ணனோடு வங்கிக்குப் போனேன். வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களுக்கு, வட்டிக்கு வரியில்லாத சேமிப்புக் கணக்கு உண்டென்று கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

என் பாஸ்போர்ட்டையும், அரபு எழுத்திலிருந்த சவூதி அடையாள அட்டையையும் அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெச்சு முடியாதுங்க அம்மணி. அண்ணனோட சேர்ந்து சாதாரணக் கணக்கு தொறந்துக்குங்க. வரி கொஞ்சம் போகும், அவ்வளவுதான்."

"அதுதான் செரிங்க. பொம்பளைப் புள்ளைக்குத் தனிக் கணக்கு எதுக்கு?" என்றார் அண்ணன்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்த நான், அதைக் கேட்டதும் மூடிவிட்டேன்.

"பாஸ்போர்ட்டுல வேலை விசா இருக்குதுங்க. முடியாதுன்னா எழுதிக் குடுங்க."

அவர் எழுதித் தரவில்லை. மேனேஜரிடம் போய்வந்து, வரியில்லாத கணக்குக்கான விண்ணப்பத்தை நீட்டினார். அங்கே கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணனுக்கு அங்கே கணக்கு உண்டு. "நான் போடமாட்டேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

எங்கள் தெருவில் கொப்பரைக் கடை வைத்திருக்கும் ஜமீலாக்கா தன் கணக்கில் பணம் கட்ட வந்திருந்தார். தயங்காமல் போய்க் கேட்டேன்.

"இதுக்கென்ன கண்ணு, கொண்டா" என்று நின்றபடியே போட்டுக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் எந்தக் கவுண்டரில் முடியாது என்றாலும் எழுத்தில் கேட்கிறேன். விடுமுறைக்கு வரும்போது, வெளிநாடு போகும் பெண்கள் கேட்டால் அறிமுகக் கையெழுத்தும் போடுகிறேன். கடைசியாகப் போட்டது அண்ணன் மகளுக்கு. தனிக் கணக்குத்தான்.

- சரஸ்வதி, பொள்ளாச்சி