ஏலத்தன்று பெய்த மழை

சைகோனில் ஒரு துணிக்கடையின் மாடியில் குடியிருந்தோம். மொத்தம் இருபத்திரண்டு படிகள். மதராசிலிருந்து கப்பல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான்கு தமிழ் வாரப் பத்திரிகைகளை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; கோயில் வாத்தியாரிடம் கற்றது. காரைக்காலில் பிறந்த அப்பா படித்ததெல்லாம் பிரெஞ்சு. அம்மா வியட்நாமியப் பெண்; வியட்நாம் இரண்டானபோது வடக்கே பிறந்த வீட்டை விட்டுவிட்டு ஒற்றை மூட்டையோடு கப்பலில் வந்து இறங்கியவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. ஆனால் நான் படித்துக் காட்டும் தொடர்கதையில் வருகிற அந்தப் பழைய வீட்டின் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம். போன அத்தியாயம், வீடு ஏலத்துக்கு வந்த இடத்தில் நின்றிருந்தது. ஐந்து வாரமாக நாளுக்கு இரண்டு முறையாவது, வீடு என்ன ஆகும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது படியில் என் பொறுமை போயிற்று. அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். வீடு ஏலத்தில் போய்விட்டது. அடுத்த இதழில் குடும்பமே ஒரு வாடகை அறையில் கிடந்தது.

“வந்துட்டியா? வீடு இருக்கா?” மேலிருந்து அம்மாவின் குரல்.

“படிச்சாத்தானே தெரியும்!”

அம்மா பீன்ஸுக்கு நார் உரிக்க உட்கார்ந்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏலத்துக்குத் தமுக்கு அடிக்கும் வரை உள்ளபடியே படித்தேன். அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. அதற்கு மேல் என் வாய் தானாக ஓடியது. இடி இடித்தது, மழை கொட்டியது, ஏலம் கேட்க வந்த பதினேழு பேரும் தலைதெறிக்க ஓடினார்கள், ஏலம் போட வந்த கோர்ட் அமீனாவின் குடை வாய்க்காலோடு போயிற்று, ஏலம் ரத்து!

“சித்திரையில அங்க ஏதுடா இப்படி மழை?” என்றார் அப்பா.

“அப்படித்தாம்ப்பா போட்டிருக்கு.”

அப்பா பத்திரிகையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“போட்டிருந்தா சரி. மேல படி.”

“பாக்கு மரத்தடியில தொட்டி நிறைஞ்சிடுச்சா?” என்றாள் அம்மா.

கதையில் பாக்கு மரமும் இல்லை, தொட்டியும் இல்லை.

“வழியுதும்மா!”

“குளத்துல வாத்து?”

“ஆறும் நீந்துது.”

“ஏழு.”

“ஆமா, ஏழு. அவசரத்துல தப்பாப் படிச்சிட்டேன்.”

அம்மா கண் கலங்கச் சிரித்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதி மூன்று இதழ்களிலும் ஒருவரைக்கூட வெளியே விடாமல் அந்த வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினேன். என் பொய்யை இப்படி நம்புகிறாளே என்று பெருமை வேறு. படிகளை, பக்கங்களை, பீன்ஸைக்கூட எண்ணுகிற நான், அந்த வாத்துகளை அவள் எங்கே நின்று எண்ணினாள் என்று மட்டும் கேட்கவில்லை.