ரெட்டைநாக்கு

நீதிமன்றத்தில் அவளுக்கு ரெட்டைநாக்கு என்று பெயர். வைத்தவர் தலைமை எழுத்தர். வெளியில் யாரையாவது அப்படிச் சொன்னால் சண்டை வரும். இவள் சிரித்துக்கொள்வாள். "ஆமா சார், சம்பளம் மட்டும் ஒத்த நாக்குக்குத்தான் வருது" என்பாள்.

குடும்ப நல வழக்குகளில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. உப்பளங்களை ஒட்டிய சில குடியிருப்புகளில் மட்டும் பேசுகிற சின்ன மொழி அவளுடையது. அங்கிருந்து யாராவது வழக்கென்று வந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். அவர்கள் பேசப் பேச இவள் குரல் பின்னாலேயே போகும்.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவருக்கு அந்த மொழி தெரியாது. மகன் சின்ன வயதில் கொஞ்சம் பேசினான். பள்ளியில் கேலி செய்தார்கள், விட்டுவிட்டான். இவளும் வற்புறுத்தவில்லை. அம்மா இறந்தபின் வீட்டில் அந்த மொழியில் பேச ஆளே இல்லை. ஊரில் எல்லோருக்கும் தாய்மொழி வீட்டில் இருந்தது, இவளுக்கு அலுவலகத்தில் இருந்தது.

"அடுத்தவங்க குடும்பம் உடைஞ்சாத்தான் எனக்குப் பேச்சுத்துணை" என்று கணவரிடம் சொல்வாள். விளையாட்டாகத்தான்.

ஒருநாள் தலைமை எழுத்தர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல சேதியாக இருக்காது.

"புதுத் திட்டம் வந்திருக்கும்மா. மொழிப் பன்மைப் பாதுகாப்புன்னு பேரு. எந்த மொழிக்கும் இனிமே ஒரே போன் நம்பர். கூப்பிட்டா அவங்களே பேசி மொழிபெயர்த்துடுவாங்க."

"அப்போ நான்?"

"நகல் பிரிவுல போட்டிருக்காங்க. சம்பளம் குறையாது."

"எங்க மொழிக்கு யாரு சார் பேசுவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கத்து மொழிக்காரர் ஒருத்தர். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதானாமே."

"அண்ணன் தம்பிதான் சார். வாயும் வயிறும் வேற."

அவர் மாற்றல் உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் போட்ட சட்டமா அது.

நகல் பிரிவு கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. இயந்திரத்தின் சூட்டில் காகிதம் மணக்கும். பல மாதம் அவள் வாயில் தன் மொழி வரவேயில்லை. குளியலறையில் தனியாகப் பேசிப் பார்த்தாள். கணவர் கதவைத் தட்டி, "யார்கிட்ட பேசுற?" என்றார். அதோடு நிறுத்திவிட்டாள்.

அப்புறம் அந்த வழக்கு வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, நான்கு வயது மகளை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தாள். புருஷன் எப்போதோ போய்விட்டான். நாத்தனார் கடைத்தெருவில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் விழிக்காமலே இறந்துபோனாள். பூட்டிய வீட்டு வாசலில் குழந்தை அழுவது தெருவுக்குக் கேட்டு, அதிகாரிகள் வந்து தூக்கிப்போனார்கள். தாய் ஓடி வந்து பிள்ளையைக் கேட்டாள்.

விசாரணையன்று ரெட்டைநாக்கு நகல்களைக் கொடுக்க மேலே போனாள். தன் மொழி காதில் விழுந்ததும் கால் நகரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"குழந்தையை எங்கே விட்டுட்டுப் போனீங்க?" என்று நீதிபதி கேட்டார். மேஜைமேல் இருந்த போன் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மொழியில் சொன்னது. தாய் நெற்றியைச் சுருக்கிக் கேட்டு, "நாத்தனார்கிட்ட விட்டுட்டுப் போனேன்" என்றாள்.

அவள் மொழியில் நாத்தனாரைக் குறிக்கும் சொல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாசற்படியைக் குறிக்கும்.

"குழந்தையை வாசற்படியில் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்" என்றது போன்.

ரெட்டைநாக்கு எழுந்து நின்றாள். "ஐயா, வாசற்படி இல்லைங்க. நாத்தனார்."

"நீங்க யாரு?"

"நகல் பிரிவுங்க ஐயா. முன்னாடி இங்கதான் மொழிபெயர்த்துட்டு இருந்தேன்."

"இந்த வழக்குல நீங்க மொழிபெயர்ப்பாளர் இல்லையே. உட்காருங்க." நீதிபதி பொல்லாதவர் அல்ல. போனைப் பார்த்து, "இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்துங்க" என்றார்.

வாசற்படியிலா விட்டாய் என்று போன் கேட்டது. நாத்தனாரிடமா விட்டாய் என்று தாய்க்குக் கேட்டது. அவள் வேகமாகத் தலையாட்டினாள்.

"ஆமாம் என்கிறார்."

ரெட்டைநாக்கு மறுபடி எழுந்தாள். காவலர் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப்போனார். பிள்ளையைத் தாயிடம் கொடுப்பதற்கில்லை என்ற தீர்ப்பைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

தீர்ப்பு முடிந்து தாய் வராந்தாவுக்கு வந்தாள். தன் மொழி தெரிந்த முகத்தைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாப்பாவ எப்போ குடுப்பாங்க?"

எத்தனையோ தீர்ப்புகளை மொழிபெயர்த்தவள்தான். அவற்றுக்குப் பக்கத்தில் நீதிபதி இருந்தார், மேஜை இருந்தது. இங்கே சுவரும் இரண்டு பெண்களும்தான். சொன்னாள். தாய் அழவில்லை. "நான் சரியாத்தானேக்கா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

தாயின் வக்கீல் மேல்முறையீடு செய்தார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்யப்பட்ட பதில் என்று தள்ளிவிட்டார்கள். ரெட்டைநாக்குக்கு, நீதிமன்றத்தில் குறுக்கிட்டதற்காக எச்சரிக்கை வந்தது. அதே வருடம் மொழிப் பன்மைத் துறை ஒரு மேடை போட்டது. தலைமை எழுத்தர் கீழே இறங்கி வந்தார்.

"உங்க மொழியில ஒரு பாட்டு பாடணுமாம்மா."

"எனக்குப் பாட வராது சார். பேசத்தான் வரும்."

குழந்தையை வேறு ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். தாய் மாதம் ஒருமுறை பார்க்கலாம். அந்தச் சந்திப்புக்குப் போன் கிடையாது, அது வழக்குக்கு மட்டும்தான். அதனால் விடுமுறையில் ரெட்டைநாக்கு கூடப் போவாள். முதலில் தேவைப்படவில்லை. தாயும் மகளும் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள், இவள் கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பள்ளியில் சேர்த்தபின் பிள்ளையின் பேச்சில் ஓட்டை விழுந்தது. பிறகு கேட்பது புரியும், பதில் வராது. பிறகு புரிவதும் நின்றது. இவள் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள்.

போன மாதம் தாய் ஏதோ கொஞ்சிச் சொன்னாள். பிள்ளை இவள் பக்கம் சாய்ந்து, "இந்த ஆன்ட்டி என்ன சொல்றாங்க?" என்றாள்.

தாய்க்கு ஊர் மொழியில் தெரிந்த சில சொற்களில் ஆன்ட்டி ஒன்று. ரெட்டைநாக்கு வாயைத் திறந்தாள். தாய் கையை அசைத்துத் தடுத்தாள்.

"அது வேணாம்க்கா. சாப்பிட்டாளான்னு கேளுங்க."

கேட்டாள்.

"சாப்பிட்டேன்" என்றாள் பிள்ளை.

"சாப்பிட்டாளாம்" என்றாள் ரெட்டைநாக்கு.